ஆட்டோமேடிக் மினிக்கு வேற எஞ்சின் போட்டாச்சு, டாப் கியர் விழல: கியர்பாக்ஸ் போச்சா, ட்யூனிங் தப்பா?

நீங்க எழுதினதை முதல்ல சுருக்கிச் சொல்லிடறேன், நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க. 1978 மாடல் மினி, 998 சிசி ஆட்டோமேடிக். பழைய எஞ்சின் தேஞ்சு போனதால ரீபில்ட் பண்ணின ஆட்டோ எஞ்சினை கியர்பாக்ஸோட சேர்த்து வாங்கி மாட்டிட்டீங்க. அதோட கார்புரேட்டரும் டிஸ்ட்ரிப்யூட்டரும் வரலைங்கிறதால கைவசம் இருந்த மேனுவல் மினியோட ரெண்டையும் எடுத்து போட்டீங்க. இப்போ டி (டிரைவ்) போட்டா கார் தூக்கிப் போடுது, ஐட்லிங் 1,100 ஆர்பிஎம்முக்கு (நிமிஷத்துக்கு எஞ்சின் சுத்தற கணக்கு) கீழ இறக்கினா எஞ்சின் துடிச்சு நின்னுடுது, எவ்வளவு ஓட்டினாலும் டாப் கியர் விழவே மாட்டேங்குது. கார்ப் கிட்ட ஒரு கம்பி மாட்ட இடம் இல்லாம தொங்கினதால ஒயர் போட்டு கட்டி வெச்சிருக்கீங்க. இதுக்கு நடுவுல ஒரு மெக்கானிக் கியர்பாக்ஸ் போச்சு இறக்கணும்னு சொல்றார், இன்னொருத்தர் ஆட்டோமேடிக்குக்கான சிவப்பு ஆயில் ஊத்தச் சொல்றார். நீங்க உண்மையா கேக்கறது கியரைப் பத்தி மட்டும் இல்ல, இத்தனை செலவு பண்ணி வாங்கினது வீணா போச்சா, இல்ல சரி பண்ணக்கூடிய விஷயமாங்கிறதுதான்.

என் கணிப்பு, கியர்பாக்ஸை இப்போ தொடாதீங்க. மினியில வர்ற இந்த ஏ சீரிஸ் எஞ்சின் வண்டிகள்ல வருஷக்கணக்கா வேலை பாத்ததை வெச்சு சொல்றேன், எல்லாத்துலயும் எனக்கு ஒரே அளவு உறுதி இல்ல, அதனால பிரிச்சே சொல்லிடறேன். 1,100 ஐட்லிங்ல டி போட்டா தூக்கிப் போடும், இது நிச்சயம், நல்ல கியர்பாக்ஸா இருந்தாலும் போடும். நீங்க கட்டி வெச்ச அந்த கம்பி கியர் மாறுற நேரத்தை முடிவு பண்ற கம்பி, இதுவும் நிச்சயம். டாப் விழாததுக்கு அதுதான் காரணமா இருக்கும்ங்கிறது பலமான சந்தேகம், ஆனா உறுதி இல்ல. கியர்பாக்ஸ் உள்ள கிளட்ச் நல்லா இருக்காங்கிறதை இங்கேர்ந்து யாராலயும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன், கீழ சொல்ற டெஸ்ட் பண்ணினாதான் தெரியும்.

கம்பி ஏன் இவ்வளவு முக்கியம்னு புரிய இந்த வண்டியோட அமைப்பு கொஞ்சம் தெரியணும். 1959-ல வந்த மினியில அலெக் இஸிகோனிஸ் எஞ்சினை குறுக்க வெச்சு, கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியில ஆயில் நிக்கிற சம்ப்புக்குள்ளயே வெச்சுட்டார். 1965-ல ஆட்டோமேடிக் அறிவிச்சப்பவும் அதே இடத்துலதான் வரணும், அதே ஆயில்லதான் ஓடணும். ஆட்டோமோட்டிவ் ப்ராடக்ட்ஸ் கம்பெனி செஞ்ச இந்த பாக்ஸ்ல முன்னாடி போக நாலு கியர், அதுவும் மத்த ஆட்டோமேடிக் மாதிரி இல்லாம உள்ள பெவல் கியர் செட்டு, முன்னால டார்க் கன்வெர்ட்டர், அதாவது மேனுவல் கிளட்ச்சுக்குப் பதிலா எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியா பாக்ஸுக்குக் கொடுக்கிறது. லீவர்ல ஆர், என், 1, 2, 3, டி அப்படின்னு இருக்கும், பார்க் கிடையாது. எஞ்சினோட ஆயில் பம்ப் கொடுக்கிற பிரஷர்லதான் கியர்பாக்ஸ் உள்ள கியரைப் பிடிச்சு நிறுத்தற பேண்டும் (பட்டை) கிளட்ச்சும் பிடிக்குது. அதாவது எஞ்சின் சரியா ஓடலைன்னா கியர்பாக்ஸும் சரியா ஓடாது, ரெண்டையும் தனித்தனியா பாக்கவே கூடாது. நீங்க எஞ்சினையும் பாக்ஸையும் சேர்த்தே வாங்கினது நல்ல முடிவு, ஏன்னா மேனுவல் எஞ்சினை வாங்கி இந்த பாக்ஸ் மேல அப்படியே உக்கார வெக்க முடியாது, கிராங்கோட கன்வெர்ட்டர் பக்க முனையே வேற.

ஆயில் விஷயத்தை முதல்லயே முடிச்சுடலாம், ஏன்னா இதுல தப்பு பண்ணினா மத்த எதுவும் பிரயோஜனம் இல்ல. சிவப்பு ஆயில் வேண்டவே வேண்டாம். அந்த மெக்கானிக் கெட்ட எண்ணத்துல சொல்லல, மத்த பெரும்பாலான பழைய ஆட்டோமேடிக்குக்கு அவர் சொல்றது சரி, இந்த பாக்ஸுக்குத்தான் சரி இல்ல. இதுல எஞ்சின் பேரிங்குக்கும் கியருக்கும் ஒரே ஆயில், நல்ல மினரல் 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில். தண்ணி மாதிரி இருக்கிற புது சிந்தெடிக் ஆயில், உராய்வைக் குறைக்குதுன்னு விக்கிற மருந்து எதுவும் ஊத்தாதீங்க, உராய்வு இருந்தாதான் இங்க பேண்ட் பிடிக்கும். அளவுலயும் ஒரு சிக்கல் இருக்கு. காலியா வந்த யூனிட்டுக்கு மொத்தம் சுமார் 7.4 லிட்டர் பிடிக்கும், அதுல ரெண்டு லிட்டருக்கு மேல கன்வெர்ட்டர் உள்ளயே தங்கிடும், அப்புறம் ஆயில் மாத்தும்போது 5 லிட்டர்தான் இறங்கும். நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா 5 லிட்டர் ஊத்தி, டிப்ஸ்டிக்கைப் பாத்து ஃபுல்னு முடிவு பண்ணி ஸ்டார்ட் பண்ணிடறாங்க, கன்வெர்ட்டர் குடிச்சதும் சம்ப்புல லெவல் இறங்கிடுது, பம்ப் காத்தை இழுக்குது, கியர் வழுக்குது, பழி பாக்ஸ் மேல விழுது. ஸ்டார்ட் பண்ணி ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஓட விட்டு, ஆஃப் பண்ணி, ஒரு நிமிஷம் பொறுத்து அப்புறம் டிப்ஸ்டிக் பாருங்க. நீங்க எத்தனை லிட்டர் ஊத்தினீங்கன்னு எழுதல, அதனால இன்னிக்கே இதைப் பாத்துடுங்க.

அதே சாக்குல டிரெயின் பிளக்கையும் ஒரு தடவை கழட்டிப் பாருங்க, அதோட முனையில காந்தம் இருக்கும். அதுல சாம்பல் நிறத்துல பசை மாதிரி மெல்லிசா படிஞ்சிருந்தா கவலை இல்ல, விரல்ல தேச்சா வழவழன்னு போயிடும், கியர் ஓடுற எந்த சம்ப்புலயும் அது இருக்கும். விரல்ல குத்துற மாதிரி சிலும்பு இருந்தாலோ, ஆயில்ல கறுப்பா செதில் செதிலா மிதந்து கருகின வாடை வந்தாலோதான் பயப்படணும். முதல் ஆயிலை ஒரு 500 மைல்ல, அதாவது 800 கிலோமீட்டர்ல மாத்திடுங்க, அதுக்கப்புறம் 3,000 மைலுக்கு ஒரு தடவை. இந்த 3,000 என் பழக்கம், மினி வேலை செய்யற பலரோட பழக்கமும் இதுதான். இந்த பாக்ஸுக்கு சுத்தமான ஆயிலை விட பெரிய மருந்து எதுவும் இல்லன்னு நான் முழுசா நம்பறேன்.

மாட்டின வேலையில சரிபாக்க வேண்டியது சிலது இருக்கு, வேகமா சொல்லிடறேன். எஞ்சின்லேர்ந்து பாடிக்கு போற எர்த் பட்டையை மறுபடி மாட்டினீங்களா பாருங்க, அது விட்டுப் போனா ஸ்டார்ட்டர் கரண்ட் சோக் கேபிள் ஆக்சிலேட்டர் கேபிள் வழியா போயி கேபிள் சூடாகி உருகிடும். எஞ்சின் மேல இருக்கிற ஸ்டெடி பார் புஷ் ரெண்டும் புதுசா இருக்கணும், தேஞ்சிருந்தா டி போட்டதும் எஞ்சின் மொத்தமா ஆடி அந்த ஆட்டமே ஜெர்க் மாதிரி தெரியும். ஆட்டோமேடிக் மினியில டிரைவ் ஷாஃப்ட் உள்பக்கம் ஃபிளேஞ்ச் வெச்ச யுனிவர்சல் ஜாயிண்ட், அதோட நட்டுகளை ஒரு தடவை திருப்பி டைட் பண்ணுங்க, லூஸா இருந்தா 'டக்'னு ஒரு சத்தம் வரும், நிறைய பேர் அதை பாக்ஸ் சத்தம்னு நினைச்சுக்கறாங்க. ரீபில்ட் பண்ணினவரைப் பிடிக்க முடிஞ்சா கன்வெர்ட்டர் நடு போல்ட்டை டார்க் ரெஞ்ச் வெச்சுதான் டைட் பண்ணினாரான்னு கேளுங்க, 110-லேர்ந்து 115 பவுண்டு அடி, கையால அழுத்தி போதும்னு விடற இடம் இல்ல அது.

இப்போ ட்யூனிங். வரிசை மாறக்கூடாது: முதல்ல டப்பெட், அப்புறம் பாயிண்ட், டைமிங், கார்ப், ஐட்லிங், கடைசியில கம்பி. ஒவ்வொண்ணும் அதுக்கு முந்தினது மேல நிக்குது, கார்ப்ல ஆரம்பிச்சீங்கன்னா ரெண்டு நாள் கழிச்சு மறுபடி கார்ப்லதான் வந்து நிப்பீங்க. டப்பெட் கேப், அதாவது வால்வு இடைவெளி, எஞ்சின் ஆறினப்போ 12 தவ் (ஒரு தவ்னா இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு), அதாவது 0.30 மில்லிமீட்டர். எட்டு வால்வுல எது முழுசா திறந்திருக்கோ அதை ஒன்பதுலேர்ந்து கழிங்க, வர்ற நம்பர் வால்வை செட் பண்ணுங்க. எட்டு திறந்திருந்தா ஒண்ணு, ஆறு திறந்திருந்தா மூணு, அவ்வளவுதான். மேனுவல் வண்டியில டாப்ல போட்டு காரைத் தள்ளி எஞ்சினைச் சுத்துவாங்க, இதுல கன்வெர்ட்டர் இருக்கறதால அது நடக்காது. நாலு ப்ளக்கையும் கழட்டிட்டு, கன்வெர்ட்டர் கவர்ல ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதை எடுத்துட்டு உள்ள தெரியற ரிங் கியர் பல்லை ஸ்க்ரூ டிரைவரால கொஞ்சம் கொஞ்சமா நெம்புங்க. டைமிங் மார்க்கும் அந்த ஓட்டைக்குள்ளதான் தெரியும், 1/4-னு பொறிச்சிருக்கிறது ஒண்ணாவது, நாலாவது பிஸ்டன் உச்சியில இருக்கிற இடம் (டிடிசி). டார்ச் அடிச்சு மார்க்ல கொஞ்சம் வெள்ளை பெயிண்ட் தொட்டு வெச்சுக்கோங்க, இல்லேன்னா டைமிங் லைட்ல ஒண்ணுமே தெரியாது.

டிஸ்ட்ரிப்யூட்டர் உள்ள திறந்து மூடற பாயிண்ட்டோட கேப் 14-லேர்ந்து 16 தவ், ப்ளக் கேப் 25 தவ், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, டிஸ்ட்ரிப்யூட்டர் ரோட்டர் இடது பக்கமா சுத்தும். ப்ளக் ஒயர் ஒரு ஓட்டை தள்ளி இருந்தா ஸ்டார்ட் ஆகவே ஆகாது, உங்களுது ஓடுது, அதனால அது சரியாத்தான் இருக்கும். எனக்கு கவலை டிஸ்ட்ரிப்யூட்டர் மேலதான். மேனுவலோடதும் ஆட்டோவோடதும் வெளியில பாக்க ஒண்ணு போலவே இருக்கும், உள்ள வெயிட்டு, ஸ்ப்ரிங், வேக்குவம் யூனிட் வேற, ஏன்னா ஆட்டோமேடிக்ல எஞ்சின் கீழ் ஆர்பிஎம்லயே லோடு இழுக்கணும். மேனுவலோடதைப் போட்டா வண்டி ஓடும், கெட்டுப் போகாது, ஆனா டி போட்டு நிக்கும்போது துடிப்பு வர வாய்ப்பு அதிகம். சரியானது கிடைக்கற வரைக்கும் இதையே வெச்சு டைமிங்கை வேக்குவம் குழாயைக் கழட்டிட்டு செட் பண்ணுங்க, உங்க வருஷத்து ரிப்பேர் புத்தகத்துல போட்டிருக்கிற டிகிரிக்கு. அதுக்கு அப்புறமும் மேடு ஏறும்போது 'கிலுகிலு'ன்னு நாக்கிங் கேட்டா ஒரு டிகிரி ரெண்டு டிகிரி பின்னாடி இழுங்க, அந்த காலத்து டிகிரி அந்த காலத்து பெட்ரோலுக்குப் போட்டது. பெட்ரோல் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன், இப்போ வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை ஊற வெச்சு வெடிக்க வெக்கும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கத்துல போற ஹோஸ் அது, எத்தனாலுக்குன்னு செஞ்ச ஹோஸ் வாங்கி மாத்திடுங்க.

கார்புரேட்டருக்கு வருவோம். மேனுவல் 998-ல 1974 வாக்குல வரைக்கும் வந்தது எஸ்யூ கம்பெனியோட எச்எஸ்2 கார்ப், வாய் ஒண்ணே கால் இஞ்ச். ஆட்டோமேடிக்குக்கு கம்பெனியே எச்எஸ்4 போட்டுது, ஒண்ணரை இஞ்ச், பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தற நீடிலும் வேற, மேனிஃபோல்ட் வாயும் அதுக்கு ஏத்த மாதிரி. அளவு மட்டும்னா நான் 'இருக்கிறதை வெச்சு ஓட்டுங்க'ன்னு சொல்லியிருப்பேன், ஆனா மேனுவலோட கார்ப்ல அந்த கம்பி மாட்டற கையே கிடையாது. அதனாலதான் உங்களுக்கு மாட்ட இடம் கிடைக்கல. எச்எஸ்4-ஐ தேடி வாங்குங்க, ஆட்டோமேடிக்லேர்ந்து கழட்டினதா, த்ராட்டில் பக்கத்துல லிங்கேஜோட இருக்கிறதா பாத்து வாங்குங்க. வெறும் எச்எஸ்4 எங்கயும் கிடைக்கும், லிங்கேஜ் இல்லாம வாங்கினா மறுபடி இதே நிலைமைதான்.

கார்ப் வந்ததும் அதோட மேல் குழாயில (டேஷ்பாட்) ஆயில் விட்டு, பிஸ்டனை விரலால தூக்கி விட்டுப் பாருங்க, 'டொக்'னு தட்டிக்கிட்டு கீழ உக்காரணும், பாதியில நின்னா பெட்ரோல் வர்ற ஜெட் நடுவுல இல்லன்னு அர்த்தம். ஜெட் நட்டை, ஜெட் கார்ப் வாயோட அடி மேடைக்கு (பிரிட்ஜ்) சமமா இருக்கிற நிலையிலேர்ந்து ரெண்டு முழு சுத்து, அதாவது 12 பட்டை, கீழ இறக்கி ஸ்டார்ட் பண்ணுங்க. எஞ்சின் நல்லா சூடானதும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாம லேசா தூக்குங்க. ஆர்பிஎம் ஏறி ஏறினபடியே நின்னா பெட்ரோல் அதிகம், நட்டை ஒரு பட்டை மேல ஏத்துங்க. உடனே இறங்கி சாகப் பாத்தா பெட்ரோல் கம்மி, ஒரு பட்டை கீழ இறக்குங்க. லேசா ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தா அதுதான் சரி. எவ்வளவு பண்ணியும் ஒரு நிலைக்கு வரலைன்னா மேனிஃபோல்ட் பேக்கிங்ல காத்து இழுக்குது, கார்புக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல வர்ற கறுப்பு பிளாக்கோட ரெண்டு பக்கமும் பேக்கிங் இருக்கணும்.

ஐட்லிங்கை நியூட்ரல்ல வெச்சு, சோக் முழுசா உள்ள போயிருக்கும்போது 650 பக்கத்துல நிறுத்துங்க. டி போட்டா கொஞ்சம் இறங்கும், இறங்கணும், நிக்கக்கூடாது. எஞ்சின் 650-ல நிக்காம துடிச்சா ஸ்க்ரூவை ஏத்தி மறைக்காதீங்க, திரும்பி டப்பெட்லேர்ந்து பாத்து வாங்க.

இப்போ அந்த கம்பி, பேரு கவர்னர் கண்ட்ரோல் ராட். கார்ப் த்ராட்டில்லேர்ந்து கீழ இறங்கி, கியர்பாக்ஸ் உடம்புல இருக்கிற ஒரு பெல் கிராங்க் லீவரைப் பிடிச்சு, உள்ள ஆயில் பிரஷரை எந்த கியருக்கு அனுப்பணும்னு முடிவு பண்ற வால்வு பிளாக்குக்கு நீங்க எவ்வளவு மிதிக்கறீங்கன்னு சொல்லும். லேசா மிதிச்சா சீக்கிரம் மேல் கியர், அழுத்தினா தாமதமா, தரையோட அழுத்தினா கிக்டவுன் (கீழ் கியருக்கு இறங்கறது), எல்லாம் இந்த ஒரு கம்பி வழியாத்தான். நீங்க ஒயர்ல கட்டின நிலை முழு மிதிக்குப் பக்கத்துல இருந்தா, நீங்க மெதுவா ஓட்டினாலும் பாக்ஸ் உங்களை முழு மிதியில போறதா நினைச்சு டாப்பைக் கொடுக்காம வெச்சிருக்கும். அதனாலதான் இதை என் பலமான சந்தேகம்னு சொன்னேன். அட்ஜஸ்ட் பண்ற விதம் ரொம்ப எளிது. கம்பியை கார்ப் பக்கம் கழட்டுங்க. பெல் கிராங்க் லீவர்ல ஒரு ஓட்டை இருக்கும், அதுக்கு நேர் பின்னாடி கியர்பாக்ஸ் கேஸிங்லயும் ஒரு ஓட்டை. கால் இஞ்ச் டிரில் பிட்டை எடுத்து வால் பக்கமா ரெண்டு ஓட்டையிலயும் சேர்ந்து போற மாதிரி சொருகுங்க, லீவர் பூட்டினது மாதிரி நின்னுடும். த்ராட்டில் ஐட்லிங் நிலையில இருக்கும்போது கம்பியோட முனையைத் திருகி நீளத்தைக் கூட்டிக் குறைச்சு, பின் கொஞ்சம் கூட இழுவை இல்லாம தானா உள்ள போற நீளத்துல லாக் நட்டைப் போடுங்க, டிரில் பிட்டை உருவிடுங்க. ஐட்லிங் ஸ்க்ரூவை அப்புறம் தொட்டீங்கன்னா இதை மறுபடி பாக்கணும், வரிசை ஏன் முக்கியம்னு சொன்னது இதுக்குத்தான்.

கியர் லீவர்லேர்ந்து பாக்ஸுக்குப் போற செலக்டர் கேபிள் எஞ்சின் இறக்கும்போது கழட்டியிருப்பீங்க, அதுவும் நீளம் மாறியிருக்கலாம். ஹேண்ட் பிரேக் இழுத்து, காலால பிரேக் மிதிச்சுக்கிட்டு ஐட்லிங்ல ஆர் போடுங்க, பிடிக்கணும், என்னுக்கு வந்ததும் சுத்தமா விடணும். 1-லயும் அதே. என்-ல நிக்கும்போதும் வண்டி நகரப் பாத்தா கேபிளை சரி பண்ணாம ரோட்டுக்கு எடுக்காதீங்க, வீல் முன்னாடி ஆள் நிக்கும்போது ஸ்டார்ட் ஆனா விபரீதம். என்-ல மட்டும்தான் ஸ்டார்ட் ஆகணும், வேற எதுலயும் ஸ்டார்ட் ஆனா செலக்டர் கிட்ட இருக்கிற ஸ்விட்ச்சைப் பாருங்க.

இதெல்லாம் முடிச்சு சமதரையில லேசா மிதிச்சு ஓட்டினா மணிக்கு 35, 40 கிலோமீட்டருக்குள்ள டாப் வந்துடணும். வந்தா உங்க பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு, நிம்மதியா ஓட்டுங்க. வரலைன்னா ஸ்டால் டெஸ்ட். டாக்கோமீட்டர் மாட்டி, எஞ்சின் சூட்டோட, வீலுக்கு கட்டை கொடுத்து, ரெண்டு பிரேக்கும் முழுசா பிடிச்சு, முன்னாடி யாரும் நிக்காம, 1 போட்டு ஆக்சிலேட்டரை முழுசா அழுத்தி எவ்வளவுல நிக்குதுன்னு பாருங்க. 10 செகண்டுக்கு மேல அழுத்தவே கூடாது, ஆயில் கொதிச்சுடும். 998-க்கு 1,400 பக்கத்துல நிக்கணும். அதுக்கு மேல சர்ருன்னு ஏறினா உள்ள வழுக்குது. கொஞ்சம் கம்மியா நின்னா எஞ்சின்ல பவர் இல்ல, ட்யூனிங் இன்னும் முடியல. 1,000-க்கும் கீழ போனா கன்வெர்ட்டர் உள்ள இருக்கிற ஸ்டேட்டர் போயிருக்கும்.

வழுக்கினா எந்த கியர்ல வழுக்குதுன்னு குறிச்சுக்கோங்க, பிரிக்காமலே பாதி தெரிஞ்சிடும். ஃபார்வர்ட் கிளட்ச் முன்னாடி போற எல்லா கியருக்கும் பொது, அதனால முன்னாடி எதுவுமே பிடிக்காம ரிவர்ஸ் மட்டும் நல்லா பிடிச்சா அதைப் பாருங்க. டாப்புக்கும் ரிவர்ஸுக்கும் ஒரே கிளட்ச், உங்களுக்கு டாப் வரலைங்கிறதால இதுதான் முக்கியமான கேள்வி: ரிவர்ஸ் உடனே கெட்டியா பிடிக்குதா? பிடிச்சா அந்த கிளட்ச் உயிரோட இருக்குன்னு பெரும்பாலும் நம்பலாம், கம்பி, கேபிள், வால்வு பிளாக் பக்கம்தான் கோளாறு. ரிவர்ஸும் இழுத்து இழுத்துப் பிடிச்சா இறக்கித்தான் ஆகணும். ரெண்டாவது மட்டும் வழுக்கினா அதோட பேண்ட். வால்வு பிளாக் உள்ள அழுக்கு அடைச்சிருக்கா, சீல் சூட்டுல விறைச்சிருக்காங்கிறதெல்லாம் திறந்து பாத்தாதான் தெரியும், அதை எழுத்துல கண்டுபிடிக்கிற வித்தை என்கிட்ட இல்ல. அப்படி இறக்க வேண்டி வந்தா பொதுவா ஆட்டோமேடிக் பாக்கறவர்கிட்ட கொடுக்காதீங்க, இந்த பாக்ஸைப் பிரிச்சு கோத்து பழக்கம் இருக்கிறவரையே தேடுங்க, கன்வெர்ட்டரைக் கழட்டவே தனி புல்லர் வேணும், சுத்தியலால தட்டி எடுத்தா கிராங்க் முனை போயிடும்.

இப்போதைக்கு ஆயில் லெவல், டிரெயின் பிளக், ரிவர்ஸ் எப்படி பிடிக்குது, இந்த மூணை மட்டும் பாத்து எழுதுங்க, கம்பி கட்டி வெச்சிருக்கிற இடத்தை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. எச்எஸ்4 வாங்கறதுக்கு முன்னாடி அதோட லிங்கேஜ் பக்க போட்டோவையும் காட்டுங்க, சரியானதுதானான்னு பாத்து சொல்றேன்.